நான்கு வாரத்துக்கு முந்தைய லாக் எங்கே?

2023 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் ஒரு சங்கடமான தகவலை வெளியிட்டது. சீனாவிலிருந்து இயங்கும் ஒரு குழு சுமார் 25 அமைப்புகளின் மின்னஞ்சலுக்குள் புகுந்துவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறையும் அவற்றில் ஒன்று. அந்தக் குழுவுக்கு ஸ்டார்ம்-0558 என்று பெயர் வைத்தார்கள். யாருடைய பாஸ்வேர்டையும் அவர்கள் திருட வேண்டியிருக்கவில்லை. ‘இவர் உரிய பயனர்தான்’ என்று சான்று தரும் மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பச் சாவி ஒன்றே அவர்களிடம் இருந்தது. அது எப்படி வெளியே போனது? செப்டம்பரில் வந்த விளக்கத்தில் நிறுவனமே ஒப்புக்கொண்டது: லாக்குகளை (கணினியில் நடப்பதை வரிவரியாகக் குறித்துவைக்கும் பதிவுகளை) இவ்வளவு காலம்தான் வைத்திருப்போம் என்று ஒரு வரம்பு இருந்ததால், சாவி களவு போனதைக் காட்டும் லாக் எங்களிடம் இல்லை. ஒரு புரோகிராம் நின்றுபோனபோது எடுத்த மெமரி நகல் வழியாகப் போயிருக்கலாம் என்று ஊகித்தார்கள். 2024 மார்ச்சில் அதையும் திருத்தி, சாவி இருந்த அப்படியொரு நகல் கண்ணில் படவில்லை என்றார்கள்.

இதே சம்பவத்தில் இன்னொரு பாதி இருக்கிறது. ஊடுருவலை முதலில் கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் இல்லை, வெளியுறவுத் துறை. எந்த மின்னஞ்சலை யார் திறந்தார்கள் என்று குறித்துவைக்கும் ஒரு லாக்கைக் கூடுதல் காசு கொடுத்து வாங்கியிருந்தார்கள். அதில் வழக்கத்துக்கு மாறான ஒன்று தெரிந்தது, பிடித்துவிட்டார்கள். அந்தச் சந்தா இல்லாத அமைப்புகளால் பார்த்திருக்கவே முடியாது. கண்டனம் எழுந்த பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த லாக்குகளைப் பரவலாகத் திறந்துவிட்டு, அடிப்படைத் திட்டத்தில் சேமிப்புக் காலத்தையும் 90 நாளிலிருந்து 180 நாளாக நீட்டியது.

இனி நம் சர்வருக்கு வருவோம். டெபியன், உபுண்டு வகை லினக்ஸில் லாக் சுழற்சிக்கான முதன்மை அமைப்புக் கோப்பை (கான்ஃபிக் ஃபைலை) திறந்தால் மேலேயே இரண்டு வரி இருக்கும்: ‘வீக்லி’, ‘ரொட்டேட் 4’. வாரம் ஒருமுறை புது ஃபைல், பழையதில் நான்கை மட்டும் வைத்துக்கொள். யார் எப்போது லாகின் செய்தார்கள் என்று சொல்லும் ‘ஆத் லாக்’ பெரும்பாலான சர்வர்களில் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. வெப் சர்வர் மென்பொருள்களான என்ஜின்எக்ஸ், அப்பாச்சி ஆகியவற்றின் அணுகல் லாக்கை டெபியன் பொதியில் (பேக்கேஜில்) தினமும் சுழற்றி 14 வைத்துக்கொள்கிறார்கள். ஆக, ஒருவர் சும்மா நிறுவிவிட்டுப் போன சர்வரில் இணையக் கோரிக்கைகளுக்கு இரண்டு வார நினைவும், லாகின்களுக்கு ஒரு மாத நினைவும்தான் உண்டு.

நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள் விற்கும் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் விவகாரத்தில் நச்சு கலந்த அப்டேட் வாடிக்கையாளர்களிடம் போகத் தொடங்கியது 2020 மார்ச்சில். விஷயம் வெளியே வந்தது அதே ஆண்டு டிசம்பர் 13-ல். இடையில் ஒன்பது மாதம். மார்ச்சில் நம்ம சர்வர் யாரோடு பேசியது என்று டிசம்பரில் கேட்டால் ‘ரொட்டேட் 4’ என்ன பதில் சொல்லும்?

இந்தக் குழப்பத்தின் வேர், ஒரே வரி இரண்டு வேலை பார்ப்பதுதான். லாக்கைச் சுழற்றுவது டிஸ்க் நிரம்பாமல் இருக்க. அதை எவ்வளவு காலம் வைத்திருக்கிறோம் என்பது, நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல. முதலாவதை டிஸ்க்கின் அளவு தீர்மானிக்கலாம். இரண்டாவதைத் தீர்மானிக்க வேண்டியது, ஒரு திருட்டு வெளியே தெரிய எத்தனை மாதம் ஆகும் என்ற கணக்கு. பெரும்பாலான இடங்களில் முதல் கேள்விக்கு எழுதிய எண்ணே இரண்டாவதுக்கும் விடையாகிவிடுகிறது. அதுவும் யாரோ ஒரு பொதிப் பராமரிப்பாளர், எந்த நிறுவனத்தையும் மனதில் வைக்காமல், பொதுவாக எழுதிய எண்.

காலை 6:25-க்கு நடப்பது

இந்தச் சுழற்சியைச் செய்யும் லாக்ரொட்டேட் என்பது 1990களில் ரெட் ஹேட் என்ற லினக்ஸ் நிறுவனத்தில் எரிக் ட்ரோனும் பிரஸ்டன் பிரவுனும் எழுதிய சின்ன புரோகிராம். பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேவை என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. நாளுக்கு ஒருமுறை யாராவது எழுப்பிவிட்டால் எழுந்து வேலையை முடித்துவிட்டுத் திரும்பத் தூங்கிவிடும். பழைய டெபியன் சர்வர்களில் அந்த நேரம் காலை 6:25, ஏனென்றால் குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் தினசரி வேலைகள் அப்போதுதான் தொடங்கும். புதியவற்றில், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் நள்ளிரவு வாக்கில் எழுப்பும்.

என்ஜின்எக்ஸின் அணுகல் லாக்கை எடுத்துக்கொள்ளலாம். லாக்ரொட்டேட் முதலில் தன் குறிப்பேட்டைப் பார்க்கிறது. ஒவ்வொரு லாக்கையும் கடைசியாக எப்போது சுழற்றினோம் என்று ஒரு நிலைக் கோப்பில் எழுதி வைத்திருக்கும். ஒரு லாக்கை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறது என்றால், இன்றைய தேதியைக் குறித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும். புதிதாக அமைப்பு எழுதியவர்கள் மறுநாள் காலை வந்து ‘வேலை செய்யலையே’ என்று தலையைச் சொறிவது இதனால்தான்.

அடுத்து, நேற்று ‘.1’ என்று பெயர் மாற்றியதை இன்று ஜிசிப் கொண்டு சுருக்குகிறது. ஏற்கெனவே சுருக்கியவை ஒவ்வொன்றும் ஒரு எண் தள்ளிப் போகின்றன: இரண்டு மூன்றாகிறது, மூன்று நான்காகிறது, பதினான்காம் எண்ணில் இருந்தது வெளியே போகிறது. பிறகு இன்றைய லாக் ‘.1’ ஆகிறது. அதே பெயரில் காலியான புது ஃபைல் ஒன்று, சரியான உரிமையாளரோடும் அனுமதியோடும் உருவாகிறது.

கவனிக்க வேண்டிய இடம் இங்கேதான் வருகிறது. இத்தனையும் நடந்து முடிந்த அந்தக் கணத்திலும் என்ஜின்எக்ஸ் எழுதிக்கொண்டிருப்பது பழைய ஃபைலில். அதற்கு ஃபைலின் பெயர் தெரியாது. தொடங்கும்போது ஒருமுறை பெயரைச் சொல்லித் திறந்தது. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதற்கு ஒரு டிஸ்கிரிப்டர் எண்ணைக் கொடுத்தது. அதற்குப் பிறகு எல்லாம் அந்த எண் வழியாகத்தான். எண் சுட்டுவது ஐநோடை, அதாவது டிஸ்க்கில் அந்த ஃபைலின் உண்மையான அடையாளத்தை. பெயரை மாற்றினால் ஐநோட் மாறாது. வீட்டு வாசலில் கதவு எண்ணை மாற்றி எழுதிவிட்டோம் என்பதற்காகப் பத்து வருடமாகப் பால் ஊற்றுபவர் வேறு வீட்டுக்குப் போய்விட மாட்டார். அவர் எண்ணைப் பார்த்து வருவதில்லை. சந்தேகம் இருந்தால் ‘எல்எஸ்’ கட்டளையை ‘-ஐ’ சேர்த்து, பெயர் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அடித்துப் பாருங்கள். பெயருக்கு முன்னால் உள்ள ஐநோட் எண் அப்படியே இருக்கும்.

அதனால்தான் கடைசிப் படி. லாக்ரொட்டேட்டின் ‘போஸ்ட்ரொட்டேட்’ பகுதியிலிருந்து என்ஜின்எக்ஸின் மாஸ்டர் புராசஸுக்கு யுஎஸ்ஆர்1 என்ற சிக்னல் போகிறது. ‘லாக் ஃபைல்களை மூடிவிட்டுப் பெயரைச் சொல்லித் திரும்பத் திற’ என்று பொருள். மாஸ்டர் திறக்கிறது, தன் கீழுள்ள ஒர்க்கர்களிடமும் சொல்கிறது. சிஸ்டம் லாக்குகளை எழுதும் ஆர்சிஸ்லாக் என்றால் இதே வேலைக்கு ஹப் சிக்னல். சொல்லி முடித்து எல்லா ஒர்க்கரும் மாறுவதற்குள் சில வரிகள் பழைய ஃபைலில் விழலாம். அந்த நேரத்தில் பழைய ஃபைலைச் சுருக்கத் தொடங்கினால் அந்த வரிகள் போய்விடும். ‘டிலேகம்ப்ரஸ்’ என்று ஒரு சொல்லை அமைப்பில் போட்டு, சுருக்குவதை ஒரு சுற்று தள்ளிவைப்பது இதற்காகத்தான். நேற்றைய லாக் மட்டும் சுருக்கப்படாமல் கிடக்கிறதே, மறந்துவிட்டார்களோ என்று யாரும் அதை எடுத்துவிட வேண்டாம்.

இடம் இல்லை, ஆனால் ஃபைலும் இல்லை

இந்த ஐநோட் கதை புரியாததால் வரும் அவதி ஒன்றை அநேகமாக எல்லா சர்வர் நிர்வாகிகளும் பார்த்திருப்பார்கள். டிஸ்க் 100 சதவீதம். 40 ஜிபி லாக் ஒன்று கண்ணில் படுகிறது. ‘ஆர்எம்’ போட்டு அழித்தாயிற்று. ‘டிஎஃப்’ இன்னமும் 100 சதவீதம் என்கிறது. ‘டியூ’ போட்டுக் கூட்டினால் 40 ஜிபி குறைகிறது. இரண்டில் எது பொய்?

இரண்டும் உண்மையே. ‘ஆர்எம்’ அழித்தது பெயரை மட்டும். அந்த ஐநோடை ஒரு புராசஸ் இன்னும் திறந்து வைத்திருப்பதால் கெர்னல் இடத்தை விடுவிக்காது. ‘டியூ’ பெயர்களை வைத்துக் கூட்டுகிறது. பெயர் இல்லாததை அதனால் பார்க்க முடியாது. ‘டிஎஃப்’ ஃபைல் சிஸ்டத்தின் மொத்தக் கணக்கைச் சொல்கிறது. ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையை ‘+எல்1’ சேர்த்து ஓட்டினால், பெயர் இழந்தும் திறந்தே கிடக்கும் ஃபைல்கள் எந்தெந்தப் புராசஸின் கையில் உள்ளன என்று தெரியும். அந்தப் புராசஸுக்கு மறுதிறப்பு சிக்னல் அனுப்பினாலோ ரீஸ்டார்ட் செய்தாலோ இடம் திரும்பக் கிடைக்கும். அவசரத்தில் ஒரு லாக்கைக் காலி செய்ய வேண்டுமென்றால் அழிப்பதைவிட, இருக்கிற இடத்திலேயே பூஜ்ய அளவுக்கு வெட்டுவது நல்லது.

டிஸ்க் நிறைவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புதியவர்களுக்குச் சட்டென்று புலப்படாது. லாக் எழுத முடியாமல் போவது அதில் சின்ன நஷ்டம். மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் அதே பார்ட்டிஷனில் (டிஸ்க் பிரிவில்) இருந்தால் எழுத இடம் கிடைத்ததா என்று நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தபடி காத்திருக்கும். வெளியில் இருப்பவர்களுக்கு தளம் உறைந்துபோனதாகத் தெரியும். எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் இயல்பாக 5 சதவீத இடத்தை முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைப்பதால், ரூட்டாக உள்ளே போய்ப் பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றி இன்னும் கொஞ்ச நேரம் குழப்பும். லாக்குகள் போகும் அடைவை (ஃபோல்டரை) தனிப் பார்ட்டிஷனில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சிக்னலுக்குச் செவிசாய்க்காத புரோகிராம்களும் உண்டு, குறிப்பாக வீட்டிலேயே சமைத்த ஜாவா, நோட் செயலிகள். இவற்றுக்காக லாக்ரொட்டேட்டில் ‘காப்பிட்ரங்கேட்’ என்று ஒரு வழி உண்டு: லாக்கை நகலெடு, பிறகு மூலத்தைப் பூஜ்யத்துக்கு வெட்டு. புரோகிராமுக்கு எதுவும் தெரியத் தேவையில்லை. வசதிதான், ஆனால் எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பில்லை. நகல் முடிந்து வெட்டுவதற்கு இடைப்பட்ட நொடியில் எழுதிய வரிகள் தொலையும். லாக்ரொட்டேட்டின் கையேடே இதைச் சொல்கிறது. 20 ஜிபி லாக்கை நகலெடுக்க இன்னொரு 20 ஜிபி காலி இடமும் வேண்டும், அதுவும் இடம் இல்லாத நேரம் பார்த்து.

இன்னொரு வினோதமும் இருக்கிறது. செயலியை ஷெல்லில் ஒற்றை ‘>’ போட்டு ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருந்தால், எங்கே எழுதிக்கொண்டிருந்தோம் என்ற இடத்தை அது நினைவில் வைத்திருக்கும். ஃபைலைப் பூஜ்யத்துக்கு வெட்டினாலும் அடுத்த வரியை 5 ஜிபி தாண்டிய அந்தப் பழைய இடத்திலேயே எழுதும். முன்னால் உள்ள 5 ஜிபியும் வெறும் ஓட்டை. ‘எல்எஸ்’ ஐந்து ஜிபி என்று காட்டும், ‘டியூ’ சில கேபி என்னும், ‘கிரெப்’ போட்டால் ‘பைனரி ஃபைல்’ என்று கைவிரிக்கும். ‘>’ இருந்த இடத்தில் ‘>>’ போட்டால் இந்தத் தொல்லை இல்லை. அப்போது ஒவ்வொரு வரியும் ஃபைலின் அப்போதைய கடைசியில்தான் போய்ச் சேரும்.

‘சைஸ் 100எம்’ என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் நிறைய. 100 எம்பியைத் தொட்டவுடன் சுழற்றும் என்று எண்ணுகிறார்கள். லாக்ரொட்டேட் எழும்போதுதான் அளவைப் பார்க்கும். நாளுக்கு ஒருமுறை எழுந்தால் நாளுக்கு ஒருமுறைதான் பார்க்கும். காலை 7 மணிக்கு ஒரு செயலி பித்துப்பிடித்து எழுதத் தொடங்கினால் மறுநாள் காலைவரை யாரும் தடுக்கப்போவதில்லை. மணிக்கு ஒருமுறை எழுப்பி, ‘டெய்லி’யோடு ‘மேக்ஸ்சைஸ்’ போட்டால் ஓரளவு கட்டுக்குள் இருக்கும்.

லாக்ரொட்டேட்டின் பார்வைக்கே வராத இடங்களும் உண்டு. செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் கண்டெய்னர்கள் திரையில் எழுதுவதெல்லாம் இயல்பாக ஜேசன் ஃபைல்களில் சேர்கிறது. அதற்கு இயல்பான உச்ச வரம்பு எதுவும் இல்லை. டாக்கரின் அமைப்பில் அளவு வரம்பைச் சேர்த்தாலும் ஏற்கெனவே ஓடும் கண்டெய்னர்களுக்கு அது பொருந்தாது; அவற்றை நீக்கித் திரும்ப உருவாக்க வேண்டும். கண்டெய்னர்களைக் கூட்டமாக நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் எதிர்ப்பக்கம்: கண்டெய்னருக்கு 10 எம்பி வீதம் ஐந்து ஃபைல் என்பதுதான் இயல்பு நிலை. பரபரப்பான சேவைக்கு 50 எம்பி என்பது சில மணி நேர வரலாறு. சிஸ்டம்டியின் சொந்த லாக் சேமிப்பான ஜர்னலும் இதே மாதிரி இடத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி, நிறைந்தால் பழையது போகும். எங்கோ ஒரு சேவை ஓயாமல் பிழைச் செய்தி எழுதினால் போன மாத லாகின் குறிப்புகள் சத்தமில்லாமல் வெளியேறிவிடும். ஊடுருவுபவருக்கு இது தெரியாது என்று நினைக்க வேண்டாம். 2023-ல் வந்த டெபியன் 12-லிருந்து ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை என்பதால், பல புது சர்வர்களில் இந்த ஜர்னல் ஒன்றுதான் இருக்கிறது.

ஆறு மணி நேரமும் 180 நாளும்

இந்தியாவில் சர்வர் வைத்திருப்பவர்களுக்கு ‘எவ்வளவு காலம்’ என்பது சொந்த விருப்பம் மட்டும் இல்லை. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் ஓர் உத்தரவு போட்டது. ஐசிடி (தகவல், தொடர்புத் தொழில்நுட்ப) அமைப்புகள் அனைத்திலும் லாக்கை இயக்கி, கடைசி 180 நாட்களுக்கானதைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். பட்டியலிட்ட வகைச் சம்பவம் நடந்தது தெரியவந்தால் ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும். அதோடு சேர்த்தோ கேட்கும்போதோ லாக்குகளைக் கொடுக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 25 வரை அவகாசம் கொடுத்தார்கள். அதுவும் போய்ப் பல காலம் ஆகிறது.

‘அவ்வளவுக்கு எங்கே சார் இடம்?’ என்பதுதான் உடனே வரும் கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நாளுக்குப் பத்து லட்சம் கோரிக்கை வரும் தளம் என்று வையுங்கள். அணுகல் லாக்கில் ஒரு வரி சுமார் 250 பைட். நாளுக்கு 250 எம்பி, 180 நாளுக்கு 45 ஜிபி. லாக்கில் அதே முகவரிகள், அதே பிரவுசர் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் ஜிசிப் அதைப் பத்தில் ஒரு பங்காக்குவது சாதாரணம். நாலரை ஜிபி. ஃபேஸ்புக்கில் யான் கோலே உருவாக்கி 2016-ல் வெளியான சிஸ்டாண்டர்டு என்ற சுருக்கு முறை இன்னும் வேகமாகச் சுருக்கும், ஆனால் சுருக்கிய ஃபைலுக்குள் ‘சிகிரெப்’ போட்டு நேரடியாகத் தேடிப் பழகியவர்கள் ஜிசிப்பை விடமாட்டார்கள். எதுவானாலும் இடம் ஒரு காரணம் இல்லை.

அதற்காக ‘ரொட்டேட் 14’ஐ ‘ரொட்டேட் 180’ ஆக்கிவிட்டால் போதுமா? சட்டத்தின் எழுத்துக்குப் போதும் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த சர்வருக்குள் ரூட்டாக நுழைந்தவர் போகும்போது 180 ஃபைலையும் ஒரே வரியில் அழித்துவிட்டுப் போவார். காப்பகம் என்று சொல்ல வேண்டுமானால் அது வேறு இயந்திரத்தில், இந்த சர்வரின் ரூட்டுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். லாக் வரி பிறக்கும்போதே ஆர்சிஸ்லாக் வழியாக இன்னொரு சர்வருக்கு அனுப்புவது ஒரு வழி. 1980களில் பெர்க்லியில் எரிக் ஆல்மன் செண்ட்மெயிலுக்காக எழுதிய சிஸ்லாக்கின் வாரிசு இது. 514ஆம் போர்ட்டில் யுடிபி முறையில் அனுப்பும் அதன் பழைய வழக்கம் இன்னும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. யுடிபியில் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நெரிசல் நேரத்தில், அதாவது லாக் மிகவும் தேவைப்படும் நேரத்தில், வரிகள் விழுந்துவிடும். போய்ச் சேர்ந்ததை உறுதிசெய்யும் டிசிபியும் மறைகுறியாக்கும் டிஎல்எஸும் வைத்து 6514ஆம் போர்ட்டில் அனுப்புவதே முறை. இன்னொரு வழி, சுழற்றி முடித்த ஃபைல்களைத் தினமும் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்ற கிளவுட் சேமிப்பில் ஏற்றுவது. அமேசானின் எஸ்3-ல் 2018-லிருந்து ஆப்ஜெக்ட் லாக் (இங்கே லாக் என்றால் பூட்டு) வசதி உண்டு. குறித்த நாள் வரை ஏற்றியவரே நினைத்தாலும் அழிக்க முடியாதபடி வைக்கலாம்.

மலிவுக்காக எஸ்3-ன் கடைசி அடுக்கான கிளேசியர் டீப் ஆர்க்கைவுக்குத் தள்ளுகிறவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுக்க 12 மணி நேரம் வரை ஆகும். மலிவான முறையில் கேட்டால் 48. அறிக்கைக்கு இருப்பதோ ஆறு மணி நேரம். கார்டு பரிவர்த்தனை நிறுவனங்களுக்கான பிசிஐ விதிகள் இதை நன்றாகவே யோசித்திருக்கின்றன: பன்னிரண்டு மாத லாக் இருக்க வேண்டும், அதில் கடைசி மூன்று மாதம் உடனே பார்க்கும்படி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஏற்றும்போது பெயர் வைப்பதிலும் ஒரு சூட்சுமம். எண் வரிசையில் சுழற்றினால் தினமும் எல்லா ஃபைலின் பெயரும் மாறுகிறது. நேற்று மூன்றாக இருந்தது இன்று நான்கு. ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க் போன்றவை பெயரை வைத்து ஒப்பிடுவதால் எல்லாமே மாறிவிட்டதாக எண்ணி முழுவதையும் திரும்ப அனுப்பும். ‘டேட்எக்ஸ்ட்’ போட்டுப் பெயரில் தேதி சேர்த்தால், ஒருமுறை பிறந்த பெயர் மாறாது. ரெட் ஹேட் குடும்பத்தில் இது இயல்பாகவே இருக்கிறது. ஆனால் அந்தத் தேதி சுழற்றிய நாளின் தேதி. 15ஆம் தேதி என்று பெயர் கொண்ட ஃபைலுக்குள் இருப்பது பெரும்பாலும் 14ஆம் தேதிச் சங்கதி. இதற்கென்றே ‘டேட்எஸ்டர்டே’ என்று ஒரு விருப்பம் வைத்திருக்கிறார்கள்.

ஃபைலுக்குள் உள்ள தேதி அதைவிட மோசம். பழைய சிஸ்லாக் வடிவத்தில் ஒரு வரி மாதம், நாள், நேரம் என்று தொடங்கும். ஆண்டு கிடையாது, எந்த நேர வலயம் என்பதும் கிடையாது. அன்றாடம் பார்ப்பவருக்கு அது தேவைப்படவில்லை. ஒன்றரை வருடம் கழித்துக் காப்பகத்திலிருந்து எடுப்பவருக்கு அது எந்த ஜனவரி என்று சொல்ல ஃபைலின் பெயரைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது. யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும் சர்வரின் ‘ஒரு நாள்’ நமக்குக் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். டெபியன் 12-ல் ஆர்சிஸ்லாக்கின் இயல்பு வடிவத்தையே ஆண்டு, வலயம் எல்லாம் உள்ளதாக மாற்றிவிட்டார்கள். பழைய சர்வர்களில் நாம்தான் மாற்ற வேண்டும். சர்ட்-இன் உத்தரவும் கடிகாரங்களை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல்லின் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வர்களோடு இணைக்கச் சொல்கிறது. மூன்று சர்வர்களின் லாக்கை அருகருகே வைத்துப் படிக்க முயன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

விஷயம் நீதிமன்றம் வரை போனால் இன்னொரு காகிதம் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் கேட்கிறது. அந்தப் படிவத்திலேயே ஹேஷ் மதிப்புக்கு, அதாவது ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் விரல்ரேகை போன்ற எண்ணுக்கு, இடம் இருக்கிறது. ஃபைலைக் காப்பகத்துக்கு அனுப்பும் அன்றே எஸ்ஹெச்ஏ256 ஹேஷ் எடுத்துத் தனியே குறித்து வைத்திருந்தால், இடையில் யாரும் கைவைக்கவில்லை என்று சொல்ல ஒரு பிடி இருக்கும். சம்பவம் நடந்த பிறகு எடுத்த ஹேஷ், அதற்குப் பிறகு மாறவில்லை என்பதை மட்டும்தான் சொல்லும்.

வைத்திருப்பதே ஆபத்தாகும்போது

அப்படியானால் எல்லாவற்றையும் என்றென்றைக்கும் வைத்திருக்கலாமே? 2018 மே மாதத்தில் ட்விட்டர் தன் பயனர்கள் அனைவரையும் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னது. 33 கோடிப் பேர். காரணம், மறைகுறியாக்கும் படிக்கு முன்பே பாஸ்வேர்டுகள் உள் லாக் ஒன்றில் வெறும் எழுத்தாக விழுந்துகொண்டிருந்தன. கிட்ஹப்பும் ஏறக்குறைய அதே நாட்களில் அதே காரணத்துக்காகச் சிலரிடம் அதையே கேட்டது. லாக்கில் எது விழுகிறது என்று யாரும் பார்க்காத இடத்தில், காப்பகம் என்பது திருடனுக்குக் கட்டிவைத்த பொட்டலம். இணைய முகவரியில் வரும் டோக்கன்கள் (பாஸ்வேர்டுக்குப் பதிலான ரகசியக் குறிகள்), தளத்தின் தேடல் பெட்டியில் அடித்த ஆதார் எண்கள், கைபேசி எண்கள் எல்லாம் அணுகல் லாக்கில் சாதாரணமாகக் கிடக்கும். இவற்றை எழுதும்போதே மறைக்க வேண்டும். சுருக்கிப் பூட்டிய ஃபைலுக்குள் பிறகு போய்த் திருத்த முடியாது, திருத்தினால் ஹேஷ் மாறும். அழிக்கும் வேலையையும் லாக்ரொட்டேட்டிடம் விடாமல், காப்பகத்தின் காலாவதி விதியிடம் கொடுப்பதுதான் சரி. அப்போதுதான் சர்வரில் 14 நாள், காப்பகத்தில் 180 நாளோ ஒரு வருடமோ என்று இரண்டு எண்ணும் தனித்தனியாக, தனித்தனிக் காரணத்தோடு நிற்கும்.

லாக் அடைவே நுழைவாயிலாகவும் ஆகியிருக்கிறது. 2016-ல் டெபியன் வகை என்ஜின்எக்ஸ் பொதியில் வெளியான, சிவிஇ-2016-1247 என்று எண்ணிட்ட பாதுகாப்பு ஓட்டையில், லாக் அடைவு வெப் சர்வரின் பயனருக்குச் சொந்தமாக இருந்தது. வலைச்செயலி வழியாக அந்தப் பயனராக உள்ளே வந்தவர், லாக் ஃபைல் இருந்த இடத்தில் வேறொரு இடத்தைச் சுட்டும் இணைப்பை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். காலையில் லாக்ரொட்டேட் எழுந்து யுஎஸ்ஆர்1 அனுப்ப, ரூட்டாக ஓடும் மாஸ்டர் அந்த இடத்தில் ஃபைலைத் திறந்து, உரிமையையும் அவரிடமே கொடுத்துவிடும். எல்லோரும் எழுதக்கூடிய அடைவில் லாக் இருந்தால் ‘அனுமதி பாதுகாப்பாக இல்லை’ என்று லாக்ரொட்டேட் வேலை செய்ய மறுப்பது இதுபோன்ற காரணங்களால்தான். அந்த எச்சரிக்கை வந்தால் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) போட்டுச் சமாளிக்க முயல்வது பலனளிக்காது. ‘எஸ்யூ’ வரியைச் சேர்த்து எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

அமைப்பை மாற்றியதும் ‘-டி’ சேர்த்து ஓட்டினால் எதையும் தொடாமல், என்ன செய்யப்போகிறது என்று மட்டும் லாக்ரொட்டேட் சொல்லும். அதன் விடையை ஒருமுறை நிதானமாகப் படிப்பது நல்லது. எந்தெந்தப் பெயரில் நட்சத்திரக் குறி போட்டிருக்கிறோம் என்பதை முக்கியமாக. அடைவுக்குள் எல்லாம் என்று பொருள்பட வெறும் ‘*’ போட்டிருந்தால், ஏற்கெனவே சுழற்றியவற்றையே திரும்பச் சுழற்றி ‘.1.1.1’ என்று வால் நீண்டுகொண்டே போகும். அப்புறம் டபிள்யூடெம்ப். யார் எப்போது உள்ளே வந்து எப்போது போனார் என்று ‘லாஸ்ட்’ கட்டளை காட்டுவது இந்த ஃபைலிலிருந்துதான். பல டிஸ்ட்ரோக்களில் இதற்கென்று தனியாக எழுதியிருக்கும் விதி ‘மன்த்லி’, ‘ரொட்டேட் 1’. முதன்மை அமைப்பில் எந்த எண்ணை மாற்றினாலும் இது மாறாது. 180 நாள் லாக் வைத்திருக்கிறோம் என்று தணிக்கையாளரிடம் எழுதிக் கொடுத்த இடங்களிலும் இந்த மாதமும் போன மாதமும் மட்டுமே இருக்கும்.